டூடன் இணைய அகராதி: ஆங்கிலச் சொல்லையும் இதில்தான் தேடணும்

ஜெர்மனியில் அலுவலக மெயில் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: லேப்டாப், டீம், ஜாப் என்று பாதிச் சொற்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை. சிக்கலே அங்கேதான். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்டும் ஒரு சொல் வரும்: ஆண்பாலுக்கு 'டெர்', பெண்பாலுக்கு 'டீ', இரண்டும் அல்லாததற்கு 'டாஸ்'. இந்தச் சொற்களுக்கு முன்னால் டெர்ரா, டீயா, டாஸா? பன்மைக்கு எதை ஒட்டுவது? இதற்கு நான் நம்புவது டூடன் என்ற ஜெர்மன் இணைய அகராதியை. கொன்ராட் டூடன் 1880-ல் கொண்டுவந்த அகராதியின் வழிவந்தது; தேடிப் பார்க்கக் காசு வேண்டாம்.

சொல்லைத் தட்டியதும் பால் தெரியும். பொருளை விட்டுவிட்டு நேராக 'கிராமாட்டிக்' (இலக்கணம்) பகுதியில் உள்ள அட்டவணைக்குப் போங்கள். கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம்; முன்னால் வரும் 'டெர்' வேற்றுமைக்கும் பன்மைக்கும் ஏற்ப மாறும். ஆறாம் வேற்றுமையில் 'டெஸ் கம்ப்யூட்டர்ஸ்'. பன்மையிலோ வெறும் 'டீ கம்ப்யூட்டர்', எஸ் கிடையாது. 'எர்' என்று முடிவதால் அதைச் சொந்த ஜெர்மன் சொல்போலவே நடத்துகிறார்கள். நான்காம் வேற்றுமைப் பன்மையில் ஒரு 'ன்' வேறு சேர்ந்து 'டென் கம்ப்யூட்டர்ன்' ஆகிவிடும். நாம் பஸ்ஸை 'பஸ்ஸுக்கு' என்று வளைப்பதில்லையா, அந்த மாதிரி. மேனேஜருக்கும் இதே கதிதான். ஜாப் மட்டும் சமர்த்தாக எல்லா வேற்றுமையிலும் 'ஜாப்ஸ்' என்றே பன்மை காட்டும். நாம் பஸ்ஸை 'பஸ்ஸுக்கு' என்று வளைப்பதில்லையா, அந்த மாதிரி.

எழுத்திலும் கவனம் வேண்டும். பேபி, ஹாபி, பார்ட்டி எல்லாவற்றுக்கும் பன்மையில் கடைசி 'ஒய்' அசையாமல் நிற்க, பின்னால் எஸ் மட்டும் வரும். பள்ளியில் ஆங்கிலத்துக்குப் படித்த 'ஐ-ஈ-எஸ்' இங்கே பிழை. கை தானாக அதைத்தான் தட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஈமெயில் பதிவு. ஸ்டுட்கார்ட்டில் பக்கத்து மேசைக்காரர் 'டாஸ்' என்பார். ஹாம்பர்க்கிலிருந்து பேசுகிறவர் 'டீ' என்பார். டூடன் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. பெண்பாலை, அதாவது 'டீ'யை, பொது வழக்காகக் காட்டி, 'டாஸ்' தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பக்கம் வழங்குவது என்று குறித்திருக்கிறது. பிளாக்குக்கும் (வலைப்பதிவு) லேப்டாப்புக்கும்கூட இரண்டு பால் உண்டு. அப்படி வந்தால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெயில் முழுக்க அதையே எழுதுங்கள்.

விளக்கம் முழுக்க ஜெர்மனில்தான். அதனால் ஏ1 என்ற தொடக்க நிலையில் படிப்பவர்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். அட்டவணை வடிவத்தைக் காட்டும், காரணம் சொல்லாது. அதற்கு ஓர் இலக்கணப் புத்தகமும் பக்கத்தில் இருக்கட்டும். பி1 என்ற இடைநிலையைத் தாண்டியவர்கள் யோசிக்காமல் புக்மார்க் செய்துவிடலாம்.