ஆழத்தில் மெதுவாகும் அலை: சூடா, சரக்கே வேறா?

கல்லூரி மாணவர்களுக்குப் பூமியின் உட்புறம் பற்றி ஓர் உரை தயாரித்துக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்காவுக்கு அடியில் ஒன்று, பசிபிக் பெருங்கடலுக்கு அடியில் ஒன்று என்று கருவத்தின் (பூமியின் நடுவில் உள்ள இரும்புக் கோளம்) மேல் இரண்டு பெரும் பாறைத் திட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு என்ன நிறம் தீட்டுவது என்பதில் மாட்டிக்கொண்டேன். சிவப்பு தீட்டினால் வெறும் சூடு என்று அர்த்தம். பழுப்பு தீட்டினால் சரக்கே வேறு என்று அர்த்தம். கடைசியில் பழுப்புதான் தீட்டினேன்.

இரு கட்சிக்கும் பொதுவானவை இவை: சுமார் 2,890 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 136 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் கவசம் (மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவே உள்ள பாறை அடுக்கு) முடிந்து கருவம் தொடங்குகிறது. அதற்குச் சற்று மேலே, இந்தத் திட்டுகளைக் கடக்கும் எஸ் அலைகள் (பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் நிலநடுக்க அலைகள்) சில சதவீதம் மெதுவாகின்றன. திட்டுகள் சில இடங்களில் ஆயிரம் கிலோமீட்டர் உயரம்வரை எழும்புகின்றன.

சூடு கட்சியின் வாதம் எளிமையானது. கருவம் அடியிலிருந்து காய்ச்சுகிறது, சூடான பாறை இளகுகிறது, இளகிய பாறையில் அலை தாமதமாகிறது. புதிதாக எந்தச் சரக்கையும் கற்பனை செய்யத் தேவையில்லை. இது பெரிய பலம்தான், மறுக்கவில்லை.

என்னைப் பழுப்பின் பக்கம் தள்ளியது மீள்தன்மைக் கணக்கு. ஒரு கனிமத்துக்கு இரண்டு விதமான எதிர்ப்பு உண்டு. நாலா பக்கமும் சமமாக அமுக்கினால் சுருங்க மறுப்பது பருமக் குணகம். பக்கவாட்டில் தள்ளினால் உருமாற மறுப்பது விறைப்புக் குணகம். அல்வாத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்: தட்டினால் ஆடும், ஆனால் அமுக்கிச் சிறிதாக்குவது கஷ்டம். எஸ் அலைக்கு விறைப்பு மட்டும் போதும். பாறையை அமுக்கி அமுக்கிச் செல்லும் இன்னொரு நிலநடுக்க அலையான பி அலைக்கு இரண்டும் வேண்டும். ஆக, பி அலையின் வேகத்திலிருந்து எஸ் அலையின் பங்கைக் கழித்தால், அமுக்கத்தை மட்டும் சார்ந்த ஒரு வேகம் மிஞ்சும். அதைப் பரும வேகம் என்று வைத்துக்கொள்வோம்.

கீழ்க் கவசத்தில் பெரும்பகுதி பிரிட்ஜ்மனைட் என்ற கனிமம். அதைச் சூடாக்கினால் விறைப்பு வேகமாகக் குறையும். பருமக் குணகமும் குறையும், ஆனால் மெல்ல. அப்படியானால் வெறும் சூடு எஸ் வேகத்தையும் பரும வேகத்தையும் ஒரே திசையில்தான் இழுக்க வேண்டும். ஆனால் 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த நில அதிர்வு வரைபடங்களில், சுமார் 2,000 கிலோமீட்டருக்குக் கீழே இவை எதிரெதிராகப் போகின்றன. எஸ் அலை தாமதமாகும் இடத்தில் பரும வேகம் சராசரியைவிடக் கூடுதல்! சூடு மட்டும் இதைச் செய்யாது. வேறு சரக்கு என்றால் செய்யலாம்: இரும்பு கூடினால் அடர்த்தி ஏறி எஸ் அலை தளரும், கீழ்க் கவசத்தின் இன்னொரு கனிமமான ஃபெரோபெரிக்ளேஸ் குறைந்து பிரிட்ஜ்மனைட் கூடினால் பருமக் குணகம் ஏறும். சாதாரண அழுத்தத்தில் அளந்தால் ஃபெரோபெரிக்ளேஸுக்குப் பருமக் குணகம் 160 கிகாபாஸ்கல் அளவு, பிரிட்ஜ்மனைட்டுக்கு 250ஐத் தாண்டும். இரண்டு மாற்றமும் சேர்ந்தால் நாம் பார்க்கும் விசித்திரம் கிடைத்துவிடுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். 2004இல் போஸ்ட்-பெரோவ்ஸ்கைட் என்ற புதிய கனிம வடிவத்தின் கண்டுபிடிப்பு வந்து குட்டையைக் குழப்பியது. கவசத்தின் அடிமட்ட அழுத்தத்தில் பிரிட்ஜ்மனைட் இந்த வடிவத்துக்கு மாறுகிறது. குளிர்ந்த இடத்தில் சீக்கிரமே மாறும். புதிய வடிவத்துக்கு விறைப்பு அதிகம், பரும வேகம் சற்றுக் குறைவு. ஆக, குளிர்ந்த இடம் மாறி, சூடான இடம் மாறாமல் இருந்தாலே அதே எதிரெதிர்ப் போக்கு வந்துவிடும், சரக்கு மாறாமலேயே. சூடு கட்சி பிடித்துக்கொள்ளும் நல்ல கொம்பு இது. ஆனால் இந்த மாற்றம் அடியில் சில நூறு கிலோமீட்டரில் மட்டும்தான் நடக்கும். திட்டுகளோ அதற்கு மேலும் எழும்புகின்றன. அந்த உயரத்துக்கு என்ன பதில்?

சரி, அதற்கும் ஒரு அரைப் பதில் இருக்கிறது. ஃபெரோபெரிக்ளேஸில் உள்ள இரும்பின் எலெக்ட்ரான்கள் அழுத்தத்தில் தங்கள் சுழல் அமைப்பை மாற்றிக்கொள்வதை 2003இல் ஆய்வகத்தில் கண்டார்கள். மாற்றம் நடக்கும் ஆழத்தில் கனிமம் அமுக்கத்துக்கு இளகிக்கொடுக்கும். விறைப்பு அவ்வளவாக அசையாது. பரும வேகத்தை வைத்துப் போட்ட என் கணக்கில் இங்கே ஒரு துண்டு விழுகிறது. எவ்வளவு பெரிய துண்டு என்பது ஃபெரோபெரிக்ளேஸின் அளவைப் பொறுத்தது.

தென்னாப்பிரிக்காவுக்கு அடியில் திட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருப்பதும் பழுப்புக்கு ஆதரவுதான். சூடு பரவி மங்க வேண்டியது, இவ்வளவு கூர்மையாக நிற்பானேன்? ஆனால் வேகமாக எழும் சூடான பாறைக்கும் கூர்மையான ஓரம் அமையலாம் என்பதால் இதை அதிகம் அழுத்தவில்லை.

எடை விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். வேறு சரக்கு என்றால், அதுவும் இரும்பு கூடியது என்றால், கனமாக இருக்க வேண்டும். 2017இல் மட்டும் இரண்டு முடிவுகள் வந்தன: நிலவு, சூரியனின் ஈர்ப்பால் பூமியின் தரையே ஏறி இறங்குவதைச் செயற்கைக்கோள் அளவீட்டில் பார்த்தவர்கள் திட்டின் அடிப்பகுதி கனம் என்றார்கள்; கருவத்தின் விளிம்பை ஒட்டிய அதிர்வுகளைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் லேசு என்றார்கள். அதனால் பழுப்பை அடியில் அழுத்தமாகவும், மேலே போகப்போக வெளிறியும் தீட்டியிருக்கிறேன். ஓரங்களில் கொஞ்சம் சிவப்பும் கசியவிட்டிருக்கிறேன்.