சிங்கப்பூரின் தலைக்கணக்கு: புள்ளிவிவரத் துறையின் இணைய அட்டவணைச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை நடத்தும் 'சிங்ஸ்டாட் டேபிள் பில்டர்' என்னும் இணைய அட்டவணைச் சேவையை, அந்நாட்டு மக்கள்தொகை பற்றிய ஒரு கட்டுரைக்காகச் சில வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்தினேன். கட்டணம் கிடையாது, பெயரைப் பதிந்துகொள்ளவோ கடவுச்சொல் வைத்துக்கொள்ளவோ தேவையில்லை. ஏறத்தாழ 736 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஒரு தீவு, தன் மக்களை வயது வாரியாகவும் பால் வாரியாகவும் இன வாரியாகவும் வட்டார வாரியாகவும் எண்ணி அடுக்கி, கேட்பவர் யாராயினும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருப்பது பாராட்டுக்குரியது. எண்களின் தரத்தில் எனக்கு ஐயம் எழவில்லை. எனினும், எந்த எண் யாரை எண்ணியது, யாரை விட்டது என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது என்பதால், அடிக்குறிப்பைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர் சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே தவறான முடிவுக்குப் போய்விடக்கூடும்.

சேவை இயங்கும் முறை எளிது. மக்கள்தொகை என்னும் தலைப்பைத் திறந்து, வேண்டிய அட்டவணையைத் தேர்ந்து, வரிசைகளையும் ஆண்டுகளையும் குறித்தால் அட்டவணை உருவாகிறது. அதை வரைபடமாகப் பார்க்கலாம், எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தவை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக இருக்கும் நாட்டின் சேவை என்பதால் அது தமிழிலும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒரு தமிழ் வாசகருக்கு எழுவது இயல்பு.

முதல் நாளிலேயே நான் செய்த பிழையைச் சொன்னால், மேலே குறிப்பிட்ட சிக்கல் விளங்கும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாத நிலவரப்படி சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 60.4 லட்சம். இந்தியர் 9 விழுக்காட்டினர் என்பது 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவு. இரண்டையும் பெருக்கி, சிங்கப்பூரில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான இந்தியர் இருப்பதாகக் குறித்துக்கொண்டேன். அது பொருந்தாக் கணக்கு. அந்த 60.4 லட்சத்தில் குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் சுமார் 5.4 லட்சம், மீதமுள்ள 18.6 லட்சம் பேர் வேலை அனுமதி, படிப்பு, குடும்பச் சார்பு போன்ற காரணங்களால் அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவர். இன விகிதமோ குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் சேர்த்த 'வசிப்போர்' என்னும் பிரிவுக்கு உரியது. 2020இல் அப்பிரிவினர் 40.4 லட்சம் பேர். அவர்களுள் இந்தியர் 3.62 லட்சம் பேர். அட்டவணையின் தலைப்பிலேயே 'வசிப்போர்' என்று எழுதியிருந்தது. அதைச் சாதாரணச் சொல்லாக நினைத்துக் கடந்துபோனது என் தவறு. அங்கே வசிக்கும் பத்துப் பேரில் மூவர் அந்தச் சொல்லுக்குள் அடங்கமாட்டார்கள் என்பது அனுபவப்பட்ட பிறகுதான் மனத்தில் பதிகிறது.

இதைவிட நுட்பமான ஒரு விதியும் இருக்கிறது. குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாலும், தொடர்ந்து 12 மாதங்களோ அதற்கு மேலோ நாட்டுக்கு வெளியே இருப்பவர் 2003 முதல் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. மொத்த மக்கள்தொகை 2002இல் சுமார் 41.8 லட்சமாகவும் 2003இல் 41.1 லட்சமாகவும் இருப்பதைப் பார்ப்பவர், அது சார்ஸ் நோய் பரவிய ஆண்டு என்பதை நினைவுகூர்ந்து காரணத்தை உடனே முடிவு செய்துவிடுவார். வெளிநாட்டவர் எண்ணிக்கை அவ்வாண்டில் குறைந்தது உண்மைதான். ஆனால் வசிப்போர் எண்ணிக்கையில் தெரியும் சரிவைப் படிக்கும்போது, எண்ணும் விதி மாறிய ஆண்டும் அதுவே என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதே விதி 2021இல் வேறொரு வேலை செய்தது. கொள்ளைநோய்க் காலத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை 16.4 லட்சத்திலிருந்து 14.7 லட்சமாகக் குறைந்ததை எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். குடிமக்கள் எண்ணிக்கையும் 35 லட்சமாகக் குறைந்ததுதான் விசித்திரம். பயணக் கட்டுப்பாடுகளால் வெளிநாடுகளிலேயே தங்கிவிட்ட சிங்கப்பூரர்கள் ஓராண்டு எல்லையைத் தாண்டியதும் கணக்கிலிருந்து நீங்கினார்கள். எல்லைகள் திறந்து அவர்கள் திரும்பியபோது, 2022இல் குடிமக்கள் எண்ணிக்கை 35.5 லட்சமாக உயர்ந்தது. பிறப்பாலும் இறப்பாலும் மட்டும் ஒரே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் வராது. இத்தகைய இடங்களில் சேவை எதையும் மறைக்கவில்லை, விதியைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆயினும் வரைபடத்தில் அந்த ஆண்டுகளுக்கு நேரே ஒரு சிறு குறியாவது இட்டிருந்தால் பொது வாசகருக்கு உதவியாக இருக்கும்.

நான் அதிக நேரம் செலவிட்டது கருவள அட்டவணையில். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் மொத்தக் கருவள விகிதத்தை ஆண்டு வாரியாக இறக்கிவைத்துக்கொண்டு, பக்கத்தில் அரசின் கொள்கைகளை எழுதிப் பார்த்தால், ஒற்றை நெடுவரிசை எண்கள் ஒரு நாட்டின் அரை நூற்றாண்டு வரலாறாக விரிகின்றன. விடுதலை பெற்ற 1965இல் விகிதம் 4.66. மறு ஆண்டே குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியம் அமைந்தது. 1970களில் இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளும்படி சுவரொட்டிகள் வலியுறுத்தின. மூன்றாம், நான்காம் குழந்தைக்கு மருத்துவமனைப் பேறுகாலக் கட்டணம் கூடியது, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. 1975இல் விகிதம் 2.07 ஆகி, ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1 என்னும் அளவுக்குக் கீழே இறங்கியது. கொள்கையோ 1987இல்தான் திசை திரும்பியது. வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று அவ்வாண்டு அரசு சொல்லத் தொடங்கியபோது, முந்தைய ஆண்டின் விகிதம் 1.43 ஆக இருந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வாசிக்கையில், கணக்கு கையில் இருந்தும் கை அசையவில்லையே என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை. மக்கள்தொகை பற்றி எச்சரிப்பவர்களுக்குப் பெருக்கத்தின் அச்சம் விரைவில் புரிகிறது, சுருக்கத்தின் அச்சம் தாமதமாகவே புரிகிறது என்பது என் கணிப்பு.

அதே நெடுவரிசையில் சீனர்களின் டிராகன் ஆண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். அந்த ஆண்டில் பிறக்கும் குழந்தை நற்பேறு உடையது என்ற நம்பிக்கையால் பிறப்புகள் கூடுவது வழக்கம். 1976இல் 2.11, 1988இல் 1.96, 2000இல் 1.60, 2012இல் 1.29. ஒவ்வொரு டிராகனும் முந்தைய டிராகனைவிடத் தாழ்வாகப் பறந்திருக்கிறது. இருந்தும் 2012 வரை அக்கம்பக்கத்து ஆண்டுகளைவிட உயரமாகவே பறந்தது. 2024இல் அந்த உயரமும் இல்லை: 2023இல் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே இறங்கிய விகிதம், 2024இலும் அதே 0.97இல் நின்றுவிட்டது. 2001இல் தொடங்கிய குழந்தைப் போனஸ் திட்டமும் அதன் பின் வந்த விடுப்பு, வீட்டு வசதிச் சலுகைகளும் இந்த நெடுவரிசையில் ஒரு மேட்டை உண்டாக்கியதாக எனக்குத் தெரியவில்லை. அவை இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு சரிந்திருக்கும் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது என்பதால், அவற்றைப் பயனற்றவை என்று சொல்லிவிடவும் முடியாது.

விகிதத்தைவிடப் பிறப்புகளின் நேரடி எண்ணிக்கை இன்னும் பளிச்செனப் பேசுகிறது. 1957இல் தீவின் மக்கள் 14.5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவ்வாண்டு பிறந்த குழந்தைகள் 61,000க்கும் மேல். 2024இல் மக்கள் நான்கு மடங்குக்கும் அதிகம். பிறந்த குழந்தைகள் சுமார் 33,700. இதன் மறுபக்கத்தை வயது அட்டவணையில் காணலாம். வசிப்போரின் நடு வயது 1970இல் 19.5 ஆக இருந்தது, அதாவது நாட்டில் பாதிப் பேர் இருபது வயதைக்கூட எட்டாதவர்கள். 2024இல் அது 42.8. குடிமக்களில் 65 வயதை எட்டியவர்கள் 2014இல் 12.4 விழுக்காடு, 2024இல் 19.9 விழுக்காடு, 2030இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அந்த வயதினராக இருப்பார் என்பது அரசின் மதிப்பீடு.

வட்டார அட்டவணை தனிச் சுவை உடையது. அங் மோ கியோ, தோ பாயோ போன்ற பழைய அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டைகளில் மேல் வயதுக் கட்டங்கள் நிரம்பியிருக்க, பொங்கோல் போன்ற புதிய பேட்டையில் இளம் பெற்றோரும் சிறுவர்களும் நிறைந்திருப்பதை ஒரே பார்வையில் ஒப்பிடலாம். குடியிருப்பு வகையோடு வயதையும் சேர்த்துத் தருவதால் ஆய்வு மாணவர்களுக்கு இது பெரும் கொடை.

தமிழ் வாசகர் இயல்பாகத் தேடிச் செல்லும் இடம் மொழி அட்டவணை. அங்கே சற்றுப் பொறுமை வேண்டும். ஆண்டுதோறும் வரும் இன அட்டவணையில் 'இந்தியர்' என்னும் ஒரே பெட்டிதான் உண்டு. இந்தியா மட்டுமன்றி, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை ஆகிய நாடுகளை வேராகக் கொண்டோரும் அப்பெட்டிக்குள்தான் வருகிறார்கள். தமிழர் எவ்வளவு, வீட்டில் தமிழ் எவ்வளவு என்று அறியப் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பையோ, இடையில் நடைபெறும் இல்ல ஆய்வையோ நாட வேண்டும். 2010இல் இந்தியருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 36.7 விழுக்காடு, ஆங்கிலம் பேசுவோர் 41.6 விழுக்காடு, 2020இல் தமிழ் 27.9 விழுக்காடாகக் குறைந்தது, ஆங்கிலம் 59.2 விழுக்காடாக உயர்ந்தது. எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து வயதுக்கு மேற்பட்ட வசிப்போரில் வீட்டில் முதன்மையாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடே.

இந்த எண்ணைக் காட்டித் தமிழ் அழிகிறது என்று முழங்குமுன், கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பார்ப்பது நல்லது. வீட்டில் 'மிக அதிகமாக'ப் பேசும் மொழி ஒன்றைத்தான் அந்த எண் குறிக்கிறது. 2020 கணக்கெடுப்பில் இரண்டாவதாகப் பேசும் மொழியும் கேட்கப்பட்டது. ஆங்கிலத்தை முதலாவதாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் வீட்டில் ஒரு தாய்மொழியையும் பேசுவதாகக் கூறியிருந்தார்கள். அது எல்லா இனத்தாருக்குமான பொது எண் என்பதால் தமிழுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் முதல் எண்ணோடு இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லாத கட்டுரை அரைக் கட்டுரைதான். இந்த மொழி விவரங்கள் சுமார் 1,50,000 இல்லங்களின் மாதிரியிலிருந்து பெறப்பட்டவை என்பதும், தலை எண்ணிக்கையோ அரசுப் பதிவேடுகளிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதும் கவனிக்க வேண்டியவை.

அட்டவணைகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள், தேசிய மக்கள்தொகை, திறனாளர் பிரிவு ஆண்டுதோறும் செப்டம்பரில் வெளியிடும் 'பாப்புலேஷன் இன் பிரீஃப்' என்னும் சிற்றறிக்கையிலிருந்து தொடங்கலாம். குடியுரிமை வழங்கிய கணக்கு அதில்தான் தெளிவாக இருக்கிறது: 2023இல் ஏறத்தாழ 23,500 பேருக்குக் குடியுரிமையும் 34,500 பேருக்கு நிரந்தரவாசத் தகுதியும் வழங்கப்பட்டன. அதே ஆண்டில் குடிமக்களுக்குப் பிறந்த குழந்தைகள் 28,900 என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், தொட்டிலும் குடிநுழைவு அலுவலகமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குடிமக்களைத் தருகின்றன என்று தெரியும். 2013இல் வெளியான மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030இல் 65 முதல் 69 லட்சம் வரை மக்கள் இருக்கக்கூடும் என்று சொன்னபோது ஹாங் லிம் பூங்காவில் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்ததன் பின்னணியை இந்த இரண்டு எண்கள் ஓரளவு விளக்கிவிடுகின்றன.

எஞ்சியிருக்கும் என் குறை ஒன்றே. அது சிறியதும் அன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவின் தெருக்களில் நடப்பவர் காதில் விழும் தமிழில் பெரும்பங்கு, தமிழகத்திலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் வந்திருக்கும் தொழிலாளர்களுடையது. மேலே சொன்ன 27.9 விழுக்காட்டிலும் 2.5 விழுக்காட்டிலும் அவர்களில் ஒருவர்கூட இல்லை, ஏனெனில் அவர்கள் 'வசிப்போர்' அல்லர். 18.6 லட்சம் வெளிநாட்டவர் மொத்த எண்ணிக்கையில் ஒரு வரியாக வருகிறார்கள். இன வாரியாகவோ வீட்டு மொழி வாரியாகவோ அவர்களுக்கு அட்டவணை இல்லை. மனிதவள அமைச்சு வேலை அனுமதிகளை வகை வாரியாகவும் துறை வாரியாகவும் வெளியிடுகிறது. வழக்கமான அந்தப் பட்டியலில் நாடு வாரிப் பிரிவு கிடையாது. என் கட்டுரையில் சிங்கப்பூர்த் தமிழர் பற்றிய பத்திக்கு இந்தச் சேவை பதினாறு எண்களைத் தந்தது. அந்தத் தொழிலாளர்களைப் பற்றிய பத்தியை எண் எதுவும் இல்லாமலேயே எழுதி அனுப்பினேன்.