தலைகீழ் அசைவுகளுக்கான போல் டான்ஸ் வகுப்பு: முதலில் இறங்கக் கற்றுக்கொடுத்தார்கள்

செங்குத்தான கம்பத்தைப் பிடித்து ஆடும் போல் டான்ஸில் ஏறுவதும் கம்பத்தில் உட்காருவதும் சில சுழற்சிகளும் கைவந்துவிட்டால் அடுத்து மனசு போகிற இடம் இன்வர்ட்தான். இடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி, கால் இரண்டையும் விரித்து, தலை கீழே இருக்க நிற்கிற அந்த நிலை வந்த பிறகுதான் மேல்நிலைப் பாடங்களில் பாதி திறக்கும். அதற்கென்றே தனியாக நடத்துகிற ஒரு தொடர் வகுப்பில் சேர்ந்து முடித்திருக்கிறேன். நல்ல வகுப்பு, தயங்காமல் சொல்வேன். சில விஷயங்களில் எனக்குக் கடுமையான வருத்தமும் இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். நீங்கள் எங்கே சேர்வதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, முதல் நாளே யாரையும் தலைகீழாகப் போகச் சொல்லவில்லை என்பது. தரையில் மல்லாந்து படுத்து, கம்பத்தைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மார்புக்குச் சுருட்டி இடுப்பை மட்டும் தரையிலிருந்து கிளப்பச் சொன்னார்கள். பார்க்க எளிது, செய்தால் வயிறு நடுங்கும். அதற்கப்புறம் நின்றபடி கம்பத்தைப் பிடித்து, இரண்டு காலையும் சுருட்டி அப்படியே தொங்கி நிற்பது. அதற்கும் அப்புறம்தான் பயிற்சியாளர் ஒருவர் இடுப்பைத் தாங்கி நம்மைத் தலைகீழ் நிலைக்குக் கொண்டுபோய் வைக்க, அங்கிருந்து நாமே மெதுவாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இறங்குவது. இந்த இறங்கும் பயிற்சிக்குத்தான் வகுப்பில் பெரும்பகுதி நேரம் போனது. கூட இருந்த சிலர் எப்போது ஏறவிடுவார்கள் என்று முணுமுணுத்தார்கள். ஆனால் தசைக்குத் தூக்கும் பலத்தைவிடத் தாங்கி இறக்கும் பலம் அதிகம், அதனால் இன்னும் ஏற முடியாத ஒருவரால்கூடக் கட்டுப்பாட்டோடு இறங்க முடியும், இறங்கி இறங்கியே ஏறும் பலமும் வந்துவிடும். அதோடு, மேலே போய்க் கை சோர்ந்துபோனால் பத்திரமாகத் திரும்பி வர ஒரு வழி தெரிந்திருக்கிறது என்ற நிம்மதி இருக்கிறதே, அது இருந்தால்தான் பயமில்லாமல் முயல முடியும்.

இரண்டாவதாகப் பாராட்ட வேண்டியது, காலை உதைத்து ஏறுவதை அவர்கள் அறவே அனுமதிக்கவில்லை. தரையை உந்திக் குதித்தால் இடுப்பு எப்படியோ மேலே போய்விடும், வீடியோவிலும் நன்றாகத்தான் தெரியும். ஆனால் அந்த நொடியில் தோள் தளர்ந்து காதுவரை ஏறிவிடுகிறது, மொத்த எடையும் மூட்டில் தொங்குகிறது, வேகம் கூடினால் கம்பத்தைத் தாண்டியே போய்விடுவோம். பாதி உயரம் ஏறிய பிறகு அங்கிருந்து தலைகீழாகப் போகவேண்டிய அசைவுகளில் உந்துவதற்குத் தரையும் இருக்காது. அதனால் தோள்பட்டையைக் கீழே இழுத்துப் பிடி, முழங்கையை மடக்கி மார்பைக் கம்பத்தோடு நெருக்கமாக வை, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே இடுப்பை முன்னால் தள்ளி மேலே சுருட்டு, கால்களைக் கடைசியில் விரி என்று ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கால் விரித்து நிற்கும் அந்த நிலையை நிறைய இடங்களில் சாப்பர் என்பார்கள். பலருக்கும் தடுக்குகிற இடம் பின்னால் சாய்வதுதான். தலை பின்னால் போகப் பயந்து உடம்பை நேராகவே வைத்துக்கொண்டு காலை மட்டும் தூக்கப் பார்ப்பார்கள், எவ்வளவு வயிற்றுப் பலம் இருந்தாலும் அப்படி ஏறாது. ஏற்ற இறக்கப் பலகையின் ஒரு முனை தாழ்ந்தால்தான் மறுமுனை எழும் என்று பயிற்சியாளர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது.

சாப்பர் வந்த பிறகு முழங்கால் மாட்டித் தொங்குவது. வெளிக்காலை, அதாவது கம்பத்திலிருந்து தள்ளி இருக்கும் காலை மாட்டினால் ஜெமினி, கம்பத்தை ஒட்டிய உள்காலை மாட்டினால் ஸ்கார்ப்பியோ என்று இங்கே சொன்னார்கள். வேறு ஸ்டுடியோவில் பெயர் மாறலாம், ஆகவே பெயரை வைத்துக் குழம்பாமல் எந்தக் கால் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் அவர்கள் வைத்திருந்த ஒரு விதி எனக்கு ரொம்பவும் பிடித்தது: குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்து முழங்கால் மடிப்பு கம்பத்தை இறுக்கிவிட்டதா என்று, இரண்டு கையும் கம்பத்தில் இருக்கும்போதே எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஒரு கையை எடுக்கலாம். அந்த ஒரு கை எடுத்து நிலைத்த பிறகுதான் அடுத்த கை. தலைகீழாக இருக்கும்போது வழுக்கினால் முதலில் தரையைத் தொடுவது தலையும் கழுத்தும்தான், இந்த விதிக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

தாங்கிப் பிடிப்பதையும் முறையாகச் சொல்லித் தந்தார்கள். காலைப் பிடித்து இழுப்பது உதவி இல்லை. ஒரு கை இடுப்புக்கு, ஒரு கை மேல்முதுகுக்கும் தோளுக்கும், நிற்கிற இடம் உதைபடாத பக்கம். புதிய அசைவு ஒவ்வொன்றுக்கும் பயிற்சியாளரே பக்கத்தில் நின்றார்.

இங்கேதான் என் முதல் குறை. ஒரு பேட்ச்சில் ஆட்களை அதிகம் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே பயிற்சியாளர், பல கம்பங்கள், அத்தனையிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் தலைகீழாகப் போக முயன்றால் எத்தனை பேரைத் தாங்க முடியும்? கடைசிப் பாதியில் மாணவர்களே ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பலம் வாய்ந்த, பழகிய ஆள் பிடித்தால் சரி, நேற்று வந்தவர் பிடிப்பது ஆறுதலே தவிரப் பாதுகாப்பு இல்லை. கிராஷ் மேட்டும் கம்பத்துக்கு ஒன்று இல்லை, முறை வைத்து நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பத்தைச் சுற்றி வைக்க ஒரு பக்கம் வெட்டு விட்ட, கையளவு தடிமனான அந்த வட்ட மெத்தை இன்வர்ட் வகுப்பில் ஒவ்வொரு கம்பத்துக்கும் இருந்தே ஆக வேண்டும். மெத்தை இருக்கிறது என்பதற்காக ஆள் இல்லாமல் முயல்வதும் கூடாது, அது அடியின் வேகத்தைக் குறைக்குமே தவிரக் கழுத்து மடங்குவதைத் தடுக்காது. இன்னொன்று, மென்மையான மெத்தையில் ஒற்றைக் காலில் வந்து இறங்கினால் கணுக்கால் பிரளும், அதனால் இறங்கும்போது இரண்டு காலையும் ஊன்றப் பழகுங்கள்.

கம்பங்கள் நல்ல நிலையில் இருந்தன. 45 மில்லிமீட்டர் விட்டம், குரோம் பூச்சு, நிலையாகவும் சுழலவும் மாற்றக்கூடியவை. இன்வர்ட் முழுவதையும் சுழலாமல் பூட்டிய கம்பத்தில்தான் கற்றுத்தந்தார்கள், அதுதான் சரி. சுழலும் கம்பத்தில் தலைகீழாகப் போனால் உடம்பு நடுவை நெருங்கும்போது வேகம் கூடும், தலையும் சுற்றும், எந்தப் பக்கம் தரை என்றே தெரியாது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் குரோம் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பம் இருக்கிறதா என்று கேட்கலாம்.

பிடிமானம் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருக்கலாம், அவசரமாகக் கடந்துவிட்டார்கள். இன்வர்ட்டில் நம்மைத் தாங்குவது கை மட்டும் இல்லை, முழங்கால் மடிப்பு, தொடை, இடுப்புப் பக்கம், அக்குள் எல்லாத் தோலும்தான். அதனால்தான் குட்டை ஷார்ட்ஸ், அதனால்தான் வகுப்புக்கு முன் உடம்பில் லோஷன் தடவக் கூடாது. குளிர்ந்த குரோம் வழுக்கும், கையால் தேய்த்துச் சூடாக்கிய பிறகே ஏற வேண்டும். கை வியர்ப்பவருக்கு, பூசினால் ஈரத்தை உலர்த்தும் திரவச் சாக் உதவும். தோல் வறண்டவருக்கு அதே சாக்கைப் பூசினால் இன்னும் வழுக்கும், அவருக்கு ஒட்டும் தன்மையுள்ள வேறு வகை வேண்டும். இதைச் சொல்லாமல் பொதுவாக ஒரு பாட்டிலை வைத்துவிட்டு எல்லாரும் பூசிக்கொள்ளுங்கள் என்றதால், வறண்ட தோல் உள்ள சிலர் தங்களுக்குப் பலம் இல்லை என்றே நினைத்துக்கொண்டு திணறினார்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

என் பெரிய வருத்தம் தொடரின் கடைசிப் பகுதி. ஷோல்டர் மவுண்ட், பட்டர்ஃபிளை, அயேஷா என்ற மூன்று மேல்நிலை அசைவுகளையும் அங்கே திணித்துவிட்டார்கள். ஷோல்டர் மவுண்ட் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசையில் கம்பத்தை அழுத்திக்கொண்டு ஏறுவது, அந்த இடம் பழகவே நாளாகும், முதலில் கன்றிப்போகும். அயேஷாவில் காலோ முழங்காலோ மாட்டியிருக்காது, மேல்கை இழுக்க, கீழ்க்கை தள்ள, அந்த இரண்டின் சமநிலையில்தான் தலைகீழாக நிற்கிறோம். முழங்கை மடிப்பால் கம்பத்தை அணைத்துக்கொண்டு செய்யும் வகையிலிருந்து ஆரம்பித்தார்கள், அதுவரை சரி. ஆனால் அது நிலைப்பதற்குள் மேல்கையை முறுக்கிப் பிடிக்கும் ட்விஸ்டட் க்ரிப்பைக் காட்டிவிட்டார்கள். தோளை உள்பக்கம் திருப்பிவிட்டு அதன்மேல் முழு எடையையும் போடுகிற பிடி அது. தோள் பலமும் அசைவும் நன்றாக வந்தவர்கள் செய்யட்டும், இன்வர்ட்டே புதிதாக வந்தவருக்கு அது வேண்டாம். நான் செய்ய மறுத்தேன், பயிற்சியாளர் வற்புறுத்தவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. ஆனாலும் பாடத்திட்டத்திலிருந்தே அதை எடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எழுத்திலும் சொல்லியிருக்கிறேன்.

வலது இடது இரண்டு பக்கமும் செய்யச் சொன்னார்கள், ஆனால் நேரம் போதாதபோது விட்டுப்போனது எப்போதும் வராத பக்கம்தான். கடைசி நிமிடங்கள் படம் எடுக்கப் போய்விடும். அதைக் குறைத்து அந்தப் பக்கத்துக்குக் கொடுத்திருக்கலாம். ஒரே பக்கம் செய்துகொண்டே போனால் தோளும் விலாப் பக்கமும் ஒரு பக்கம் மட்டும் இறுகும், பிறகு சரிசெய்ய இரட்டிப்பு உழைப்பு.

சேரும்போதே உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்தம், கர்ப்பம், பழைய தோள் கழுத்துக் காயம் எல்லாம் கேட்டு எழுதி வாங்கினார்கள். தலைகீழாக இருக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும், குளுக்கோமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரவே கூடாது. வார்ம் அப்பும் அவசரமில்லாமல் இருந்தது, மணிக்கட்டு, தோள், விலா என்று எல்லாவற்றையும் சூடாக்கிய பிறகே கம்பத்தைத் தொடவிட்டார்கள்.

ஏறுவதும் சுருட்டித் தொங்குவதும் உறுதியாக வருகிறவர்கள் தாராளமாகச் சேருங்கள். அவை இன்னும் வராதவர்கள் ஆரம்ப நிலையை இன்னொரு முறை எடுங்கள், இங்கே வந்தால் பாதி நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அடுத்த நிலைக்கு நானும் போவதாக இருக்கிறேன். ஆட்கள் குறைவாக வரும் நேரத்துப் பேட்ச்சாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறேன், கம்பத்துக்கு ஒரு மெத்தை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.