பம்ப் மாற்றப் போனேன், ஒயரை ஒட்டிக்கொண்டு வந்தேன்

என் காரைச் சரிசெய்த ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கான ரிவ்யூ இது. மருந்து கம்பெனி ரெப் வேலை எனக்கு. மாதம் இரண்டு முறை பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போயாக வேண்டும். வண்டி 2014 வேகன் ஆர், 998 சிசி பெட்ரோல். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று மாதமாக முதல் நாலைந்து வளைவுக்குள்ளேயே வண்டி படுத்துவிடும். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் இழுக்காது. குலுக்கல் இல்லை, இருமல் இல்லை, சும்மா சோர்ந்துபோகும். பின்னால் அரசு பஸ் ஹாரன் அடித்தே கொல்லும். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது.

முதலில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குத்தான் போனேன். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றி, த்ராட்டில் பாடியைக் கழுவி 6,400 ரூபாய் பில் போட்டார்கள். அடுத்த முறையும் அதே வளைவு, அதே பஸ் ஹாரன். திரும்பப் போனபோது ஸ்கேனரைப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் பம்ப் அசெம்பிளி போயிடுச்சு, 11,000 ஆகும்" என்றார்கள். நண்பர்களோ 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார்கள். எனக்கும் அது வசதியான பதிலாக இருந்தது, அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போகலாம்.

அப்புறம்தான் உடுமலை ரோட்டில் இருக்கும் இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். தகரக் கூரை, ஒரே ஒரு லிஃப்ட். மெக்கானிக் அண்ணன் முதலில் செய்த காரியம், டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரமாக வைத்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார். அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கவில்லை, அதாவது பெட்ரோலில் தண்ணீர் கலக்கவில்லை. "ஈ20 போட்டா மைலேஜ் கொஞ்சம் குறையும் சார். இப்படிப் பாதி பலம் போகாதுங்க" என்றார்.

ஸ்கேனரில் இவருக்கும் அதே பி0171 என்ற எரர் கோடுதான் வந்தது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று அர்த்தமாம். இங்கேதான் வித்தியாசம். அந்தக் கோடு பம்ப்பைக் கைகாட்டவில்லை, குறை இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது என்றார். பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜை மாட்டி, நீளக் குழாயோடு வெளியே இழுத்து, முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆழியாறு பக்கம் கிளம்பினார். ஐட்லிங்கில் முள் 2.8 பாரில் நின்றது. 3 பாருக்குப் பக்கத்தில் இருந்தால் போதுமாம். ஏற்றத்தில் முழுசாக மிதித்ததும் முள் சரசரவென்று 2-க்குக் கீழே இறங்கியது. மூன்று மாதம் நான் அனுபவித்ததை ஒரு முள் காட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

சரி, பம்ப்தானே என்று பர்ஸைத் தொட்டேன். "பொறுங்க சார்" என்று வண்டியை லிஃப்டில் தூக்கி, பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப்பில் 10.2. "பம்ப்பு நல்லாத்தான் இருக்குங்க, அதுக்குச் சோறு போய்ச் சேரலை." கரண்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். ஐட்லிங்குக்கு அந்தப் பெட்ரோல் போதும். மேட்டில் எஞ்சின் நிறையக் கேட்கும்போது பிரஷர் விழுந்துவிடும்.

பம்ப்பின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டிய இடம். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனவர் ஒரு கறுப்பு டேப்பைப் பிரித்தார். உள்ளே பாதிக் கம்பி அறுந்து, மீதி பச்சை பூத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான் ஆசையாகப் போட்ட ரிவர்ஸ் கேமராவுக்கு எர்த் எடுக்க யாரோ கத்தி வைத்த இடம். காசு கொடுத்து நானே வாங்கிய கோளாறு!

ஒயரை வெட்டி, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டார். பம்ப்பில் இப்போது 13.5. மறுபடி அதே ஏற்றம், அதே கேஜ், முள் அசையவில்லை. கூலி 1,200.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். போன் எடுக்க மாட்டார். உட்கார இடம் கிடையாது, பழைய டயர்தான். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார். காலையில் விட்ட வண்டி மறுநாள் மதியம்தான் கிடைத்தது. கம்பெனியில் கொடுக்க ஒழுங்கான பில்லும் இல்லை.

கேமரா கனெக்‌ஷனைக் கழற்றியது கழற்றியதுதான். திரும்ப மாட்டித் தரச் சொன்னதற்கு, "போட்டவர்கிட்டயே கேளுங்க சார்" என்று சிரித்தார். இந்த ரிவ்யூவில் ஒரு ஸ்டார் குறைத்தது அதற்காகத்தான்.