ஒன்பது வருஷம், நாலு கேமரா பேக்: கீழ எங்க வைக்கப் போறீங்கன்னு பாத்து வாங்குங்க

மொதல்லயே சொல்லிடறேன், இது போன வாரம் வாங்கி பிரிச்சு பாத்துட்டு எழுதற ரிவ்யூ இல்ல. 2016-ல நிக்கான் டி750 கேமரா வாங்கினதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நாலு பேக் மாத்தியாச்சு, ஒவ்வொண்ணும் எங்க காலை வாரும்னு எனக்கு அத்துப்படி. பேர் சொல்லி யாரையும் திட்டப் போறதில்ல, ஏன்னா தப்பு கம்பெனியோடதுன்னு சொல்றத விட நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு.

நான் தஞ்சாவூர். வார நாள்ல வேற வேலை, முகூர்த்த நாள்ல கல்யாண போட்டோ, மார்கழி தை வந்தா கரைவெட்டி ஏரிக்கு பறவை பாக்க பைக்ல ஓடிடுவேன். அதனால என் பேக்குக்கு ரெண்டு வேலை. கல்யாணத்துக்கு கேமரா பாடி, 24-70, 85, 50னு மூணு லென்ஸ், ரெண்டு ஃப்ளாஷ், பேட்டரி. பறவைக்கு பாடியும் 200-500 லென்ஸும் மட்டும், ஆனா அந்த லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ, பாடி 840 கிராம், ரெண்டும் மாட்டினபடியே வைக்கணும்னா பேக்குக்குள்ள 14 இன்ச்சாவது நீளம் வேணும். "எத்தன லென்ஸ் புடிக்கும்"னு பாத்து பேக் வாங்கறோம்ல, அங்கதான் நான் சறுக்கினேன்.

மொத பேக் கடைக்காரர் சேத்து குடுத்த தோள் பை. அதப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, வெளில கம்பெனி பேரு பஸ் போர்டு மாதிரி பெருசா போட்டிருக்கும், ராத்திரி பஸ்ல அத மடில வெச்சுகிட்டு தூங்காம வந்ததுதான் ஞாபகம்.

ரெண்டாவது ஆன்லைன்ல வாங்கின 25 லிட்டர் பேக்பேக். பாக்க கம்பீரமா இருக்கும், உள்ள அறை அறையா தடுக்க பதினஞ்சு டிவைடர், காலியா இருக்கும்போதே 2.2 கிலோ. முன்பக்கம் மூணு பக்கமும் ஸிப், சூட்கேஸ் மாதிரி முழுசா தொறக்கும். வாங்கின அன்னிக்கு எல்லாத்தையும் அடுக்கி வெச்சு அதையே ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். இந்த டிசைன்ல ஒரு விஷயம் எனக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் உறைச்சுது. முன்பக்கம் தொறக்குற பேக்க திறக்கணும்னா மல்லாக்க படுக்கப் போடணும். அப்ப தரைல படறது எது? நம்ம முதுகுல ஒட்டற பக்கம்.

ஒரு கல்யாணம். தாரை வார்க்கற நேரம், நான் மேடை ஓரத்துல பேக்க விரிச்சு வெச்சு 85 மாட்டிகிட்டு இருக்கேன். பொண்ணோட பாட்டியா இருக்கணும், "தம்பி, அந்தப் பைய தள்ளி வைப்பா, தண்ணி அங்கதான் ஓடி வரும்"னாங்க. "ஒரு நிமிஷம் பாட்டி"ன்னேன். அந்த ஒரு நிமிஷம் தாலி கட்டி முடிக்கற வரைக்கும் நீண்டுடுச்சு. அப்பறம் வந்து தூக்கினா முதுகுப் பக்க பஞ்சு முழுக்க சாம்பார்ல போட்ட இட்லி மாதிரி தண்ணி குடிச்சிருக்கு, பிழிஞ்சா ஊத்துது. லென்ஸ் தப்பிச்சுது, ஆனா சாயங்காலம் ரிசப்ஷனுக்கு அத மாட்டினப்ப என் சட்டை முதுகு முழுக்க ஈரம், அதுல ரெண்டு அட்சதை வேற ஒட்டிகிட்டு இருந்துச்சுன்னு அசிஸ்டென்ட் தம்பி சொன்னான்.

கரைவெட்டில இதே கதை, தண்ணிக்கு பதிலா சேறு. அந்த ஏரி அரியலூர் மாவட்டம், 2024-ல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்தாங்க, குளிர்காலத்துல வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி வந்து இறங்கும். கரைல எங்க பேக்க வைக்கறது, காலைப் பனில எல்லாமே களிமண்ணு. வாத்துக் கூட்டம் தலைக்கு மேல வருது, நான் குத்த வெச்சு மூணு பக்கமும் ஸிப்ப இழுத்து மூடிய தூக்கி லென்ஸ எடுக்கறதுக்குள்ள அதுங்க அக்கரைல இறங்கிடுச்சு. அப்பறம் அந்த சேத்தோட பேக்க முதுகுல மாட்டிகிட்டு வீட்டுக்கு. வீட்ல என்ன நடந்துதுன்னு கேக்காதீங்க.

அந்த பேக் செத்த விதம் இன்னும் கொடுமை. நாலாவது வருஷம் உள்பக்க துணி பிசுபிசுன்னு ஒட்ட ஆரம்பிச்சுது. நைலான் துணிக்கு உள்ள தண்ணி புகாம இருக்க பி.யு. கோட்டிங்னு ஒண்ணு பூசுவாங்க, நம்ம ஊர் ஈரக் காத்துக்கு அது மெல்ல மெல்ல சிதைஞ்சு பசையாகி அப்பறம் வெயில்ல உரிஞ்ச தோல் மாதிரி செதில் செதிலா கொட்டும். ஒரு நாள் 50 லென்ஸோட பின் கண்ணாடில அந்த செதில் ஒக்காந்திருந்துது. அதோட அத நிறுத்திட்டேன். இதுக்கு ரிப்பேர் கிடையாது, யாராவது பழைய பேக் விக்கறேன்னா உள்ள கைய விட்டு துணிய தடவிப் பாருங்க, லேசா ஒட்டினா கூட வாங்காதீங்க. ஸிப் போனா பரவால்ல, பல்லு நல்லா இருந்து ஸ்லைடர் மட்டும் தேஞ்சிருந்தா பை தைக்கற கடைல ஸ்லைடர மாத்திக் குடுப்பாங்க, எனக்கு 60 ரூபாதான் ஆச்சு. ஸ்லைடருக்கு பின்னாடி பெரும்பாலும் ஒரு நம்பர் பொறிச்சிருக்கும், 5-ன்னா சின்னது, 8 இல்ல 10-ன்னா தடிமன். மெயின் ஸிப் 5-ஆ இருந்தா நான் இப்ப தொடறதே இல்ல.

மூணாவது ஸ்லிங். ஒத்தத் தோள்ல குறுக்கா போட்டு முன்னாடி சுத்தி இழுத்தா கேமரா கைக்கு வந்துடும், ஒரு பாடி ஒரு 50 லென்ஸ்னா இத அடிச்சுக்க ஆளில்ல. பெரிய கோயில், கீழவாசல் மார்க்கெட், தேர் ஓட்டம் எல்லாத்துக்கும் இன்னமும் இதுதான், கூட்டத்துல பை நெஞ்சுலயே இருக்கும், கீழ வைக்கற பேச்சே வராது. ஆனா பேராசைல 24-70-யும் ஃப்ளாஷும் திணிச்சு ஒரு சீசன் முழுக்க கல்யாணத்துக்கு தூக்கிட்டு போனேன், இடது தோள் பட்டை மரத்துப் போயி ரெண்டு மாசம் எண்ணெய் தேச்சதுதான் மிச்சம். ஒத்தத் தோளுக்கு ரெண்டு கிலோவுக்கு மேல கூடாது, இது டாக்டர் கணக்கு இல்ல, என் தோள் கணக்கு.

இப்ப வெச்சிருக்கறது நாலாவது, அஞ்சு வருஷம் ஆச்சு. முதுகுப் பக்கம் தொறக்குற பேக். லோப்ரோ ஃப்ளிப்சைட் மாதிரி மாடல் பாத்திருப்பீங்க, அந்த வகை, இப்ப நெறைய பேர் போடறாங்க. இதுல இடுப்பு பெல்ட்டு இருக்கும். தோள் பட்டைய மட்டும் கழட்டிட்டு பெல்ட்டோட பேக்க வயித்துப் பக்கம் சுத்திக் கொண்டு வந்தா, கல்யாண வீட்ல வெத்தலத் தட்டு ஏந்தின மாதிரி முன்னாடி நிக்கும், அப்படியே தொறந்து லென்ஸ் மாத்திட்டு மூடிடலாம். பேக் தரைய தொடவே தொடாது. முழங்கால் தண்ணில நின்னுகிட்டு கூட மாத்தியிருக்கேன். அப்படியே கீழ போட்டாலும் மண்ணு படறது வெளிப்பக்கம், என் சட்டை தப்பிச்சுது.

சும்மா புகழ்ந்துட்டு போக முடியாது, குறையும் இருக்கு. ஸிப் முதுகோட ஒட்டி இருக்கறதால சித்திரை மாசத்துல வேர்வை அப்படியே அதுல எறங்கி உப்பு வெள்ளையா பூத்துடும், மாசம் ஒரு தடவ ஈரத்துணில தொடைக்கணும். மழைல பைக் ஓட்டும்போது ரெயின் கவர் முதுகுப் பக்கத்த மூடாது, கழுத்து வழியா வழியற தண்ணி நேரா அந்த ஸிப்புக்குத்தான் போவும், அதனால பேக்குக்கும் மேல பெரிய ரெயின் கோட் ஒண்ண மாட்டிகிட்டு ஒட்டகம் மாதிரி போறேன். இன்னொண்ணு, பெல்ட்டு வால் தொங்கிட்டே இருக்கும், மண்டபத்துல யாராவது அக்காவோட புடவைல மாட்டிக்கும், நான் அத மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கேன். பெல்ட்டுலயும் பஞ்சு வெச்ச அகல பெல்ட்டா பாருங்க, வெறும் நாடாவா இருந்தா பேக் ஆடாம புடிச்சுக்கும் அவ்வளவுதான், எடை இடுப்புக்கு எறங்காது.

பேக்குல கேமராவ குடி வைக்காதீங்க. நான் வெச்சேன். ஐப்பசி மழைல நனைஞ்ச ரெயின் கவர அப்படியே பாக்கெட்டுல சொருகி பீரோவுக்குள்ள மூணு வாரம் விட்டுட்டேன், 85 லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பேக்குல இருக்கற பஞ்சு ஈரத்த உறிஞ்சி வெச்சுகிட்டு உள்ளயே ஆவியா விடும், அத விட நல்ல வீடு பூஞ்சைக்கு கெடைக்காது. இப்ப வேலை முடிஞ்சா பேக்க தொறந்து ஃபேனுக்கு கீழ போட்டுடுவேன், லென்ஸெல்லாம் பாத்திரக் கடைல வாங்கின காத்து புகாத டப்பாக்குள்ள, கூட சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டற ஒரு சின்ன மீட்டர். 40-லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள நின்னா நிம்மதியா தூங்கலாம்.

கடைக்கு போறதா இருந்தா உங்க சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, வெக்கப்படாதீங்க. அடுக்கி, மாட்டி, கடைக்குள்ளயே பத்து நிமிஷம் நடங்க, நின்னுகிட்டே ஒரு லென்ஸ் மாத்திப் பாருங்க. கடைக்காரர் மொறைச்சா வேற கடை. ஃப்ளைட்ல போறவங்க பேக்கோட சொந்த எடையயும் கேளுங்க, உள்நாட்டு ஃப்ளைட்ல கேபினுக்கு பொதுவா 7 கிலோதான், பேக்கே 2.2 கிலோ தின்னுட்டா மீதி என்ன இருக்கு. தனியா வெச்சிருக்கற லித்தியம் பேட்டரிய செக்-இன்ல போட விடமாட்டாங்க, அது கைல வர்ற பைலதான் இருக்கணும்.

ஆமா, அந்த 25 லிட்டர் பேக்க தூக்கிப் போடல. பசையெல்லாம் சொரண்டி எடுத்துட்டு அம்மா அதத்தான் உழவர் சந்தைக்கு எடுத்துட்டு போறாங்க. டிவைடர கழட்டித் தரவான்னு கேட்டேன், வேணாம்டா, தக்காளி நசுங்காம வருதுன்னாங்க.