பத்தாம் வகுப்புக் கணக்கை ஏழாவதிலேயே முடிப்பதா, ஏழாவது கணக்கையே ஆழமாகப் போடுவதா?

கணக்கு நன்றாக வரும் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் பெற்றோர் முன் இரண்டு வழிகள் வருகின்றன. முதலாவது, ஐஐடி நுழைவுத்தேர்வைக் குறிவைத்து நடக்கும் 'ஐஐடி பவுண்டேஷன்' கோச்சிங். ஆறாவதிலேயே சேர்த்து, எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களை இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாக முடித்துவிடுவார்கள். இரண்டாவது, வகுப்பைத் தாண்டாமல் அந்தந்த வகுப்புப் பாடத்திலேயே யோசிக்கவைக்கும் கணக்குகளைப் போடுவது. ஒலிம்பியாட் (கணிதப் போட்டி) தயாரிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான். இந்த அலசல் இரண்டாவது வழியின் பக்கம் சாய்ந்தே எழுதப்படுகிறது.

பணச்செலவு, அலைச்சல், விளையாட்டு நேரம் குறைவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆழமான வழியில் இவை குறைவு, அவ்வளவுதான்.

முன்னே ஓடுவதிலும் உண்மையான லாபம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பு இயற்பியல் தொடங்கிய சில வாரங்களிலேயே இயக்கவியல் வந்துவிடும். அதற்கு வெக்டரும் வகையிடலும் வேண்டும். கணிதத்திலோ தமிழ்நாட்டுப் பாடநூலின் இரண்டாம் தொகுதியில்தான் அவை வருகின்றன. அந்த இடைவெளியில் நல்ல மாணவர்களே தடுமாறுகிறார்கள். முன்பே படித்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்பப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிந்தைய கோடை விடுமுறை போதும். நான்கு ஆண்டு கோச்சிங் தேவையில்லை.

இரண்டு வழிகளில் எது என்று முடிவு செய்ய வேண்டிய இடம் கட்டணமோ, பாடத்தின் கடினமோ அல்ல. படித்ததை மறக்காமல் வைத்திருக்க என்ன செலவாகிறது என்பதுதான். சேரும்போது இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை முக்கோணவியல் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சைன் 30 பாகை என்றால் அரை என்று அட்டவணையோடு தெரியும். பள்ளியில் அது மறுபடி தலைகாட்டுவது சமச்சீரில் ஒன்பதாவதில், சிபிஎஸ்இயில் பத்தாவதில். இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் பள்ளியின் எந்தப் பாடமும் அதைத் தொடுவதில்லை. தொடாத கணக்கு மறந்துபோகும். பிள்ளை கெட்டிக்காரியா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறக்காமல் இருக்கத் தனியாகத் திருப்புதல் வேண்டும். அடுத்த மாதம் இருபடிச் சமன்பாடு சேரும், அதற்கடுத்து கூட்டுத்தொடர் வரிசை, பிறகு ஆயத்தொலை வடிவியல். முன்னே போன ஒவ்வொரு பாடமும் திருப்ப வேண்டிய பட்டியலை நீட்டுகிறது. வாரத்துக்கு நான்கு மணி நேர வகுப்பில் புதுப்பாடம், பள்ளித் தேர்வு, திருப்புதல் மூன்றுக்கும் இடம் வேண்டும். நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது திருப்புதல்தான், ஏனென்றால் பேட்ச் நகர்ந்தாக வேண்டும். கடைசியில் ஒன்பதாவதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்துகிறார்கள். அப்போது பிள்ளைக்கு 'இது எனக்குத் தெரியும்' என்ற நினைப்பு மட்டும் மிச்சமிருப்பதால் பாடத்தைக் கவனிப்பதில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது, அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம் என்பதை எந்தக் கணித ஆசிரியரும் ஒப்புக்கொள்வார்.

இந்த அரைகுறையின் அடையாளங்கள் விடைத்தாளிலேயே தெரியும். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49 வரும். தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. எண்ணாக இருந்தால் பிள்ளைக்கு இது புரியும். எழுத்தாக மாறியதும் இரண்டும் ஒன்று என்று எழுதிவிடும். வர்க்கமூலத்தைக் கூட்டலுக்குள் பிரிப்பது, தொகுதியில் ஓர் உறுப்பை மட்டும் பகுதியோடு அடிப்பது, அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி இருக்கும்போது முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றுவது எல்லாம் இதே நோய். அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வொன்றோடும் பெருக்கும் பங்கீட்டு விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது பிடிபடாததுதான் வேர். பின்னமும் குறை எண்களும் கையில் படிவதற்குள் இயற்கணிதத்துக்குத் தாவியதால் வருவது. பதினோராவதில் சைனைக் கூட்டலுக்குள் பிரித்து எழுதும் மாணவரிடமும் இதே பிழைதான், வேறு உடையில்.

ஆழமான வழியில் இந்தப் பராமரிப்புச் செலவு கிட்டத்தட்ட இல்லை. காரணி, மடங்கு, பின்னம், விகிதம், கோணம் எல்லாம் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்ப வருபவை. திருப்புதலைப் பள்ளியே செய்துவிடுகிறது.

ஒரே கணக்கு பிள்ளையோடு சேர்ந்து வளர்வதையும் இங்கே பார்க்கலாம். பக்கங்கள் முழு எண்ணாக உள்ள செவ்வகத்தில், பரப்பளவும் சுற்றளவும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், எத்தனை செவ்வகங்கள்? ஐந்தாவது படிக்கும் பிள்ளை போட்டுப் பார்த்தே 4-க்கு 4, 3-க்கு 6 என்று கண்டுபிடிக்கும். 'வேறு கிடையாதா, எப்படித் தெரியும்?' என்று கேட்டால், அகலத்தை 1, 2, 3 என்று வரிசையாக மாற்றிப் பார்க்கத் தொடங்கும். அகலம் 1 அல்லது 2 என்றால் சுற்றளவு எப்போதும் பரப்பளவைவிடப் பெரியதாகவே இருப்பதைக் கவனிக்கும். எட்டாவதில் காரணிப்படுத்துதல் தெரிந்ததும், நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு கழித்துப் பெருக்கினால் 4 வருகிறது என்று அதே கணக்கை எழுதலாம். 4-ஐ 1-பெருக்கல்-4, 2-பெருக்கல்-2 என்று மட்டுமே பிரிக்க முடியும். ஆகவே இரண்டே செவ்வகங்கள், நிரூபணமும் ஆயிற்று. பரப்பளவு சுற்றளவைப் போல் இரு மடங்கு என்று மாற்றிக் கொடுத்தால் 5-க்கு 20, 6-க்கு 12, 8-க்கு 8 என்று மூன்று வரும். காரணிப்படுத்துதல் எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறாவதுக்கு இன்னொன்று: 1 முதல் 100 வரை, ஒற்றைப்படை எண்ணிக்கையில் காரணிகள் உள்ள எண்கள் எத்தனை? காரணிகள் ஜோடி ஜோடியாக வருகின்றன. 36 போன்ற வர்க்க எண்ணில் மட்டும் ஒரு காரணி, இங்கே 6, தன்னோடு தானே ஜோடி சேர்வதால் மொத்தம் 9 காரணிகள். ஆகவே வர்க்க எண்கள் மட்டும், மொத்தம் 10. சரியாக மூன்று காரணிகள் வேண்டுமென்றால்? பகா எண்களின் வர்க்கங்கள்: 4, 9, 25, 49. புத்தகத்தில் 'காரணிகளைக் காண்க' என்று இருபது கணக்கு போடுவதைவிட இது ஒன்று அதிகம் கற்றுக்கொடுக்கும்.

செய்யும் முறை: வாரத்துக்கு மூன்று கணக்குகள் போதும், ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் வரை. முதல் 20 நிமிடம் எந்தக் குறிப்பும் கொடுக்கக் கூடாது. விடை வந்தபிறகு, அந்தக் கணக்கைப் பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி வாக்கியங்களாக எழுதவைக்க வேண்டும். முடிந்தால் இரண்டாவது முறையிலும் போடச் சொல்லலாம். மூன்றில் ஒன்று உறுதியாக முடியக்கூடியதாக, ஒன்று பெரும்பாலும் முடியாததாக இருப்பது நல்லது. மூன்றும் முடியாமல் போனால் ஒரே மாதத்தில் பிள்ளை நோட்டை ஒளித்துவைக்கும்.

இந்த வழியும் கெடும். பிள்ளை பத்து நிமிடம் திணறியதும் பெற்றோர் தீர்வு வீடியோவைக் காட்டுவதுதான் பொதுவான காரணம். தந்திரங்களை மனப்பாடம் செய்யவைத்தால், பவுண்டேஷனில் சொன்ன மறதிச் சிக்கல் இங்கேயும் வந்துவிடும். 'ஒலிம்பியாட்' என்ற பெயரில் பள்ளிகளில் நடக்கும் பல தேர்வுகள் பாடப்புத்தகத்தின் கொள்குறி வினாக்கள்தான். பதக்கத்தை வைத்து ஆழத்தை அளக்க வேண்டாம். சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்எம்டிசி தேர்வில் 5, 6 வகுப்புகளுக்கு ஒரு நிலை, 7, 8-க்கு ஒன்று, 9, 10-க்கு ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். அதன் பழைய வினாத்தாள்களே நல்ல பயிற்சி. எட்டாவதிலிருந்து, இந்தியக் கணித ஒலிம்பியாட் தேர்வுவரிசையின் முதல் கட்டமான ஐஓக்யூஎம் எழுதலாம்: மூன்று மணி நேரம், விடைகள் 00 முதல் 99 வரையான முழு எண்கள். நாட்டின் சிறந்த கணித மாணவர்களைத் தேடும் அந்தத் தேர்வுவரிசையின் பாடத்திட்டத்தில் நுண்கணிதம் (கால்குலஸ்) இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணியல், இயற்கணிதம், வடிவியல், எண்ணும் முறைகள், அவ்வளவுதான்.

முன்னே படித்ததை எங்கே காசாக்குவது என்ற கேள்வியும் இருக்கிறது. ஐஐடி நுழைவுத்தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டை ஒருவர் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் இரண்டு முறைதான் எழுத முடியும், அதுவும் பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டித்தான். பதினோராவது பாடத்தை ஒன்பதிலேயே முடித்தவருக்கு அதை ஏற்றுக்கொள்ளும் வாசல் எதுவும் நம் பள்ளிகளில் இல்லை. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்குக் கணக்கு வேறு. அங்கே அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று வரிசையாக ஐந்து ஆண்டுப் பாடங்கள். உயர்நிலைப் பள்ளியோ நான்கே ஆண்டு. எட்டாவதில் அல்ஜீப்ரா 1 எடுத்தால்தான் பன்னிரண்டாவதில் கால்குலஸ் இயல்பாக வரும், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி தேர்வின் மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் ஏற்கவும் செய்யும். சான் பிரான்சிஸ்கோ பள்ளிகள் 2014-ல் எட்டாவதிலிருந்து அல்ஜீப்ரா 1-ஐ எடுத்துவிட்டு, 2024-ல் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்ததன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. அங்கே இருந்தால் இந்த அளவுக்கு முன்னே போவதைத் தடுக்க மாட்டேன்.

மிக அரிதான பிள்ளைகளுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாமல் போகலாம். கணித மேதை டெரன்ஸ் டாவ் 1986 முதல் 1988 வரை, 10 வயதில் தொடங்கி, சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று வாங்கினார். பள்ளி வயதிலேயே பல்கலைக்கழகக் கணிதம் படித்தார். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நீண்டகால ஆய்வும், முன்னே அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கெடுதல் நேரவில்லை என்றே காட்டியது. ஆனால் அங்கே 12, 13 வயதுப் பிள்ளைகள், கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வை எழுதித் தேர்வானவர்கள். கட்டணம் கட்டி பேட்சில் சேர்ந்தவர்களுக்கு அந்த முடிவைப் பொருத்துவது சரியல்ல.

உங்கள் பிள்ளை அந்த வகையா என்று பார்க்க, அடுத்த வகுப்பின் ஆண்டுத்தேர்வு வினாத்தாளை முன்னறிவிப்பில்லாமல் கொடுங்கள். சொல்லிக்கொடுக்காமலேயே பெரும்பகுதியைப் போட்டு, ஏன் அப்படி என்று வாயால் விளக்கவும் முடிந்தால் முன்னே விடலாம். அப்போதும் பின்னம், குறை எண்கள், நேரிய சமன்பாடு, காரணிப்படுத்துதல் என்ற வரிசையில் இயற்கணிதத்தை மட்டும் நகர்த்துங்கள். வடிவியலை அதன் வேகத்தில் விடுங்கள், முக்கோணவியல் காத்திருக்கட்டும்.

ஏற்கெனவே பவுண்டேஷனில் சேர்த்துவிட்டவர்கள் உடனே நிறுத்த வேண்டியதில்லை. மூன்று மாதம் முன்பு முடிந்த பாடத்திலிருந்து ஐந்து கணக்குகளை எடுத்து, புத்தகம் இல்லாமல், காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். நான்கு சரியாக வந்தால் தொடரலாம். இரண்டுதான் வருகிறதென்றால் அடுத்த டேர்முக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன், திருப்புதலுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று அந்த மையத்தில் நேராகக் கேளுங்கள்.