மைக்கல்: மி ஃபுவும் பாவ் செங்கும்

சீன எழுத்தோவியத்துக்குத் தூரிகை, மை, காகிதத்தோடு மைக்கட்டியை நீர்விட்டு உரைக்கும் கல்லும் வேண்டும்; அதுதான் மைக்கல். சீனாவை சோங் வம்சம் ஆண்ட காலத்தில் துவான்சோ ஊர்க் கற்களுக்கு அவ்வளவு கிராக்கி. இந்தக் கற்களோடு பெயர் சேர்ந்த இருவரில் யாரை அதிகம் மெச்சுவது என்பதுதான் கேள்வி.

எழுத்தோவியர் மி ஃபு (1051–1107) கல் பித்தர். பேரரசர் ஹுய்சோங் முன்னால் எழுதி முடித்ததும், தான் தொட்ட கல் இனி அரசருக்கு ஆகாது என்று கேட்டு வாங்கி, மை சொட்டச் சொட்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டாராம். கலைமேல் அப்படியொரு காதல்! எனக்கு அவரை ரொம்பவே பிடிக்கும்.

அவருக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பாவ் செங் (999–1062) துவான்சோவிலேயே அதிகாரி. முன்பிருந்தவர்கள் அரசருக்குக் காணிக்கை என்று சொல்லிப் பல மடங்கு கற்களை வசூலித்து, செல்வாக்கானவர்களுக்குப் பரிசளித்து வந்தார்கள். இவர் காணிக்கைக்கு வேண்டியதை மட்டும் செய்யச் சொன்னார். பதவிக்காலம் முடிந்து கிளம்பும்போது ஒரு கல்கூட எடுத்துப்போகவில்லை.

சரி, இருவரில் யாரை மெச்சுவது என்றால், நான் பாவ் செங் பக்கம்தான். கல் வெட்டுகிறவர்களின் சுமையைக் குறைத்தவர் அவர்.